ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை: அரசுப் பள்ளிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எந்த வகுப்பில் என்ன நடக்கிறது, இந்தக் கல்வியாண்டில் (2025-26) இனி என்னென்ன வரப்போகிறது என்று பெற்றோர் கேட்கும் கேள்விகள் இவை. பள்ளி வாசலிலும் பெற்றோர் கூட்டத்திலும் கேட்டவை, சில பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்டவை. பதில் சொல்வது ஆசிரியர் தரப்பு. எங்கள் அபிப்பிராயமும் நடுநடுவே வரும்.

பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. நோட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்டால் பாட்டு, கதை, களிமண் என்கிறான். எப்போது படிக்க ஆரம்பிப்பார்கள்?

ஆரம்பித்துவிட்டார்கள். அவன் பாடிக்கொண்டு வருவதே பாடம்தான்.

கொரோனாவில் தொடக்கப் பள்ளிகள் மூடியே கிடந்து, 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பத் திறந்தன. அப்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை அதற்கு முன் முழுதாக ஒரு வருடம்கூடப் பள்ளியைப் பார்த்திருக்கவில்லை. அந்த நிலைமையைச் சரிசெய்யத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை இருந்தது, அடுத்த ஆண்டு நான்குக்கும் ஐந்துக்கும் விரிந்தது. எட்டு வயதுக்குள் பிள்ளை பிழையில்லாமல் வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அதற்காக வகுப்பறையே மாறியிருக்கிறது. கரும்பலகையைப் பார்த்து இருபது தடவை எழுதுவதற்குப் பதிலாக ஒரு எழுத்தைப் பாட்டில் கேட்கிறான், படத்தில் தேடுகிறான், களிமண்ணில் செய்கிறான், அதன் பிறகு எழுதுகிறான். எழுதுவதும் பெரும்பாலும் அரசு தந்த பயிற்சி நூலில் இருக்கும், நோட்டில் இருக்காது. பள்ளிக்கு வந்தால் அந்தப் பயிற்சி நூலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நோட்டு காலியாக இருக்கிறதே என்ற பயம் பாதி போய்விடும்.

மீதிப் பாதியும் நியாயமான பயம்தான், அதையும் சொல்லிவிடுகிறோம். பாட்டோடு நின்றுவிடும் வகுப்புகளும் உண்டு. ஒரு வழி சொல்கிறோம். மளிகைக் கடைப் பையில் அச்சடித்திருக்கும் சொல்லைக் காட்டி, இதில் உனக்குத் தெரிந்த எழுத்து எது என்று கேளுங்கள். பருவ முடிவில் ஒன்றிரண்டு எழுத்தைக்கூடக் காட்டத் தெரியவில்லை என்றால் டீச்சரிடம் தாராளமாகப் பேசலாம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. ஆனால் 'அரும்பு' நிலை என்கிறார்கள். மக்கு என்று பிரித்துவைத்துவிட்டார்களா?

இல்லை. அரும்பு, மொட்டு, மலர் என்பவை முறையே ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புக்கான கற்றல் நிலைகள். ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுமே அரும்புதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால், வாசிப்பிலோ கணக்கிலோ முதல் வகுப்புக்கான சில திறன்கள் இன்னும் கைவரவில்லை என்று பொருள். தமிழில் மலர், கணக்கில் மொட்டு என்றும் ஒரே பிள்ளை இருக்கலாம். அவ்வப்போது மதிப்பீடு செய்து நிலையை மாற்றுவார்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் நிற்கிறாள்?" இதற்கு டீச்சர் உடனே பதில் சொல்வார். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த நிலை என்று மட்டும் விசாரிக்காதீர்கள். குறிப்பாகப் பிள்ளையின் எதிரில் வேண்டவே வேண்டாம்.

வீட்டுப்பாடம் ஏன் தருவதில்லை?

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. எங்களுக்கும் அதில் வருத்தம் இல்லை.

காலை உணவு யாருக்கெல்லாம்? ஆறாம் வகுப்பு படிக்கும் அக்காவும் சேர்ந்து சாப்பிடலாமா?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாக, காய்கறி சாம்பாருடன். மதிய சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, முட்டையோடு. ஐந்து வரை காலையில் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு வருவதைப் பார்க்கிறோம். காலை முதல் இரண்டு பீரியடில் தூங்கி வழிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அக்காவுக்கு வீட்டிலேயே ஏதாவது கொடுத்து அனுப்புங்கள்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு வாசிக்கப் பாடப்புத்தகம் தவிர வேறு ஏதாவது தருகிறார்களா?

தருகிறார்கள். பல வீடுகளுக்கு இது தெரிவதே இல்லை. 'வாசிப்பு இயக்கம்' என்று 2023இல் தொடங்கியது. சின்னச் சின்னப் புத்தகங்கள், நான்கு நிலை: நுழை, நட, ஓடு, பற. 'நுழை'யில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி இருக்கும். 'பற' வரை வந்த பிள்ளை எந்தக் கதையையும் தானே வாசித்துவிடும். இது தவிர நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பதுக்குத் 'தேன்சிட்டு' என்று அரசே வெளியிடும் சிறார் இதழ்கள் உண்டு. பிள்ளைகள் எழுதிய கதையும் வரைந்த படமும் அவற்றில் வரும். பள்ளிக்கு இதழ் வந்ததா என்று பிள்ளையை விட்டே கேட்கச் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளை இருந்தால் அலமாரி திறந்தே இருக்கும்.

ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறப்போகிறோம். என்னவெல்லாம் மாறும்?

ஒரே டீச்சர் என்பது போய், பாடத்துக்கு ஒருவர் என்று வரும். இதுதான் பெரிய மாற்றம். 'எங்க மிஸ்' என்று ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் கொஞ்சம் திண்டாட்டம் இருக்கும்.

தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்காக இந்த ஆண்டு 'திறன்' என்ற திட்டம் ஆறு முதல் ஒன்பது வரை நடக்கிறது. தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு வைத்து, தேவைப்படுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி நூலும் தனி நேரமும் தருகிறார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பட்டியலில் இருந்தால் கௌரவப் பிரச்சினை ஆக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் தெரிய வருவதைவிட இப்போது தெரிவது எவ்வளவோ மேல்.

டி.சி. வாங்கும்போது இஎம்ஐஎஸ் எண்ணையும் (கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பள்ளி மாறினாலும் அந்த எண் மாறாது.

'வானவில் மன்றம்' என்று ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாராமே?

அவர் அறிவியல், கணிதக் கருத்தாளர். ஆறு முதல் எட்டு வகுப்புக்கு, கையால் செய்து பார்க்கும் சோதனைகளைக் கொண்டுவருகிறார். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கியது. பலூன், ஸ்ட்ரா, பாட்டில் மூடி என்று வீட்டில் கிடைப்பதை வைத்தே பெரும்பாலும் செய்வார்கள். சோதனை முடிந்த அன்று பிள்ளை வீட்டில் ஏதாவது பாட்டிலைத் துளை போட்டுக்கொண்டிருந்தால் திட்ட வேண்டாம்.

என் மகள் 'நான் நெய்தல், அவள் முல்லை' என்கிறாள். பிள்ளைகளை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

நேராகக் கேட்டதற்கு நன்றி, பலர் மனசுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். சாதியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. 'மகிழ் முற்றம்' என்று 2024 நவம்பரில் வந்த ஏற்பாடு இது. பள்ளியே குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாக இருக்கும். ஒவ்வொரு குழுவிலும் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள், பொறுப்பாசிரியரும் இருப்பார். வருகை, விளையாட்டு, மன்றப் போட்டி என்று புள்ளிகள் சேரும். தனியார் பள்ளிகளில் சிவப்பு, நீலம் என்று இருப்பதேதான், இங்கே ஐந்திணை. எட்டாம் வகுப்பு அண்ணன் ஆறாம் வகுப்புத் தம்பியை 'நம்ம குழு' என்று தேடிவந்து பேசுகிறான், எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

கலைத் திருவிழா என்று வாரக் கணக்கில் ஒத்திகை. படிப்பு கெடாதா?

வருடா வருடம் அதிகம் வரும் கேள்வி இது.

2022-23இல் தொடங்கியபோது ஆறு முதல் பன்னிரண்டுக்கு மட்டும் இருந்தது, பிறகு ஒன்றாம் வகுப்பு வரை வந்துவிட்டது. 1-2, 3-5, 6-8, 9-10, 11-12 என்று ஐந்து பிரிவுகள். சின்னவர்களுக்குக் கதை சொல்லுதல், ஒப்புவித்தல், வண்ணம் தீட்டுதல், மாறுவேடம் போன்றவை. பெரியவர்களுக்குப் பறை, வில்லுப்பாட்டு, நாடகம், சிற்பம், பேச்சு, கவிதை என்று நீளும். முதலில் பள்ளி அளவு, பிறகு வட்டாரம், மாவட்டம், கடைசியில் மாநிலம். மாநிலத்தில் ஜெயிப்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம்.

படிப்பு கெடுமா? பள்ளி அளவுப் போட்டிக்குச் சில நாள் ஒத்திகை, அவ்வளவுதான். மேலே போகப் போகத்தான் நேரம் பிடிக்கும், அங்கே போகிறவர்கள் கொஞ்சம் பேர். போனவர்கள் விட்ட பாடத்தைச் சொல்லித்தர வேண்டியது எங்கள் பொறுப்பு, அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. எதிர்ப்பக்கமும் இருக்கிறது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, மேடையில் நான்கு நிமிடம் வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டு பாடிவிட்டு வந்தபின் கணக்கு சாரிடம் சந்தேகம் கேட்கிறது. எந்தத் தேர்வுத்தாளிலும் இது பதிவாகாது.

எங்களுக்கே உடன்பாடில்லாத விஷயங்களும் உண்டு. 'ஜெயிக்க வேண்டும்' என்று எல்லாப் போட்டிக்கும் அதே மூன்று பிள்ளைகளை அனுப்பும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. இன்னொன்று உடை வாடகை. நடனத்துக்கு மினுமினுப்பு உடை இல்லாவிட்டால் மார்க் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட, வீட்டில் கடன் வாங்கும் அளவுக்குப் போகிறது. அப்படி யாராவது கேட்டால் தயங்காமல் முடியாது என்று சொல்லுங்கள். களிமண் சிற்பத்துக்கும் பேச்சுப் போட்டிக்கும் உடை எதற்கு?

எட்டாம் வகுப்பில் 'என்.எம்.எம்.எஸ்.' என்கிறார்களே, அது எல்லாருக்குமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத் தேர்வு என்பது முழுப் பெயர். மத்திய அரசின் உதவித்தொகை. எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதித் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000, நான்கு ஆண்டுக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். தேர்வில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். ஒன்று மனத்திறன்: எண் வரிசை, விடுபட்ட படம், சங்கேத எழுத்து என்று வரும். இன்னொன்று அறிவியல், கணக்கு, சமூக அறிவியல்.

மனத்திறன் தாளுக்கு டியூஷன் தேவையில்லை. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழகினாலே பிடிபட்டுவிடும், பல பள்ளிகளில் மாலையில் ஆசிரியர்களே பழக்குகிறார்கள். பிள்ளைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் சான்றிதழ், ஆவணம் போன்ற காகிதங்களில்தான். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள், விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு ஓடாதீர்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணையுங்கள். பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் (இனிஷியல்) ஒரே மாதிரி இருக்கட்டும். தேறிய பிறகும் பணம் வராமல் கிடப்பதற்கு இந்த முதலெழுத்துச் சிக்கல்தான் வழக்கமான காரணம்.

ஒன்பதில் ஏதாவது உண்டா?

ஊரகத் திறனாய்வுத் தேர்வு, 'டிரஸ்ட்' என்பார்கள். கிராமப்புறப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான், நான்கு ஆண்டு. சின்னத் தொகை, ஆனாலும் எழுதச் சொல்வோம். வெளி மையத்தில் உட்கார்ந்து தேர்வு எழுதிப் பழகட்டும்.

பத்தாம் வகுப்பு வந்தால் விளையாட்டு பீரியடே கிடையாதா?

கால அட்டவணையில் உண்டு. நடைமுறையில் டிசம்பருக்கு மேல் பி.இ.டி. சார் பீரியடைக் கணக்கு சாரோ அறிவியல் டீச்சரோ வாங்கிவிடுவது பழைய வழக்கம். இது தவறு என்பது எங்கள் எண்ணம். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் ஓடிய பிள்ளைக்கு மறுநாள் பாடம் ஏறாமல் போனதில்லை.

தேர்வைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐந்து பாடம், 500 மதிப்பெண், தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 35. அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20 எடுத்தாக வேண்டும். செய்முறையில் முழுதும் கிடைத்துவிடும் என்று எழுத்துத் தாளை விட்டுவிடுகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். அப்புறம், மதிப்பெண் பட்டியலில் வரும் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் நேரத்தில் பள்ளியில் காட்டுவார்கள். அன்றைக்கு ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டாலும் பரவாயில்லை, வந்து பார்த்துவிடுங்கள்.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லையாமே? அப்படியென்றால் ஒரு வருடம் ஓய்வா?

2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இந்த ஆண்டிலிருந்து இல்லை என்று, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் அறிவித்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பாரம் குறைவது நல்லதுதான். எங்கள் கவலை வேறு. பொதுத்தேர்வு வருவதற்கு முன், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு ஜனவரியிலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிக்கும் பள்ளிகள் நிறைய இருந்தன. மருத்துவத்துக்கான நீட், பொறியியலுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வுகள் இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து கேள்வி வரும். அதனால் "பிளஸ் ஒன் பாடம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இருங்கள்.

பதினொன்றில் இலவச சைக்கிள் வரும். தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வும் உண்டு: பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கேள்விகள், 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு. இதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே. கணக்கில் சுமார், தமிழில் கெட்டி என்ற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதை விடாதீர்கள்.

பிளஸ் டூவில் 'நான் முதல்வன்' வகுப்பு எதற்கு? ஒன்பதாம் வகுப்பிலேயே தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்றும் யோசிக்கிறோம்.

இரண்டுக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம். 'நான் முதல்வன்' 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. எந்தப் படிப்புக்கு எந்த குரூப் வேண்டும், எந்த நுழைவுத் தேர்வு, விண்ணப்பம் எப்போது என்று வழிகாட்டும் வகுப்பு அது. பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணமும் அழைத்துப்போகிறார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதிக்கும் பிள்ளைக்கு, ஆய்வகத்தையும் விடுதியையும் கண்ணால் பார்ப்பது பெரிய விஷயம். அன்றைக்கு டியூஷன் என்று நிறுத்திவிடாதீர்கள்.

பள்ளி மாற்றுவது உங்கள் முடிவு. ஆனால் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் இருக்கும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்', பையன்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' இரண்டுக்கும் ஆறிலிருந்து கணக்கு. அவற்றில் உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழியும் சேரும். நடுவில் இரண்டு வருடம் மாறிவிட்டுத் திரும்ப வந்தால் இந்தக் கதவுகள் சாத்திக்கொள்ளும் என்று மாற்றும்போது யாரும் சொல்வதில்லை.

சரி, இந்த ஆண்டு மீதி நாட்களில் என்னென்ன வருகிறது?

ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாளாக முடிந்துவிட்டது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, கீழ் வகுப்புகளுக்கு முதல் பருவத் தேர்வு. பிறகு காந்தி ஜெயந்தியை ஒட்டி விடுமுறை. கலைத் திருவிழா அதற்கு முன்னும் பின்னுமாக ஓடும். நவம்பர் 14 குழந்தைகள் நாள். டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் பொங்கல் விழா, குடியரசு நாள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுகள், ஆண்டு விழாவும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். மார்ச்சில் பொதுத்தேர்வுகள், ஏப்ரலில் மற்ற வகுப்புகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு. மழை வந்தால் இதில் பாதி தள்ளிப்போகும், அது உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? ஹெச்.எம். அறைக்குப் போகவே தயக்கமாக இருக்கிறது.

அதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைவர் பொறுப்பில் இருப்பதும் ஒரு தாய்தான், ஹெச்.எம். இல்லை. நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டால் உங்கள் தெருவிலோ பக்கத்திலோ யார் உறுப்பினர் என்று பாருங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்பது முதல் உடை வாடகை வரை எதையும் அவர் மூலம் கூட்டத்தில் வைக்கலாம். பேசியதோடு விடாமல் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள்.